நாற்பத்தொன்றில் மூன்று

1

இது ஒரு பாராட்டுக் கட்டுரையாக இருந்திருக்க வேண்டியது.

பேராசிரியர் பணி ஓய்வு பெற்றதையொட்டி அவருடைய துறை ஒரு மலர் வெளியிட ஏற்பாடு செய்தது. மலர்க்குழுத் தலைவர் எந்தப் பேச்சிலும் மூன்றாவது வாக்கியத்துக்குள் யாரையாவது எடுத்துச் சொல்லிவிடுவார். அதனால் மாணவர்கள் அவருக்கு வைத்த பெயர் ‘மேற்கோள்’. அவர் என்னைத் தொலைபேசியில் கூப்பிட்டார். "நீங்க அவங்களுக்கு நெருங்கின சொந்தம். வீட்டுல எப்படி இருப்பாங்க, என்ன படிப்பாங்கன்னு நாலு பக்கம் எழுதிக் கொடுங்க. ரொம்ப உருக வேண்டாம்."

நான் பதினொரு பக்கம் கொடுத்தேன். ஒரு வாரத்தில் திரும்பி வந்தது. முதல் பக்கத்தின் மேல் பென்சிலால், ‘இது கட்டுரை இல்லை, கதை. அதுவும் முடியவில்லை’ என்று எழுதியிருந்தது.

அவர் சொன்னது சரிதான். அச்சகத்தில் மெய்ப்புப் பார்ப்பது என் வேலை. ஊரார் வாக்கியங்களுக்கெல்லாம் ஒற்றுப் போட்டே பன்னிரண்டு வருடம் ஓடிவிட்டது. சொந்தமாக ஒரு பக்கம் எழுத உட்கார்ந்தால் எழுதியதைக் கை தானாக அடிக்கத் தொடங்கிவிடுகிறது. அப்படி அடித்தவற்றில் சிலவற்றை இங்கே அழிக்காமல் விட்டிருக்கிறேன்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பேராசிரியர் எனக்குச் சித்தி. இதில் வரும் அக்கா என் அம்மா. ஆனால் ‘அம்மா’ என்று எழுதினால் பேனா ஒரு பக்கமாகச் சாய்கிறது. ஆகவே அவர்கள் இங்கே பேராசிரியரும் அக்காவும்தான்.

[அச்சகத் தோழி கேட்டாள்: "பேராசிரியருக்கு ‘அவர்’, அக்காவுக்கு ‘அவள்’. இது என்ன நியாயம்?" மாற்றிப் பார்த்தேன். இரண்டு பேருமே யாரோ ஆகிவிட்டார்கள். மறுபடியும் பழையபடியே வைத்துவிட்டேன்.]

2

முதலில் எழுதிய தொடக்கம்: ‘கையில் புத்தகத்தோடு பிறந்தவர்கள் என்று சிலரைச் சொல்வதுண்டு. பேராசிரியர் அப்படிப்பட்ட…’

பொய். பிறக்கும்போது எல்லோரும் வெறுங்கையோடுதான் பிறக்கிறார்கள். அவர் கையில் புத்தகத்தைத் திணித்தவள் ஆறு வயது மூத்த அக்கா.

இரண்டாவது தொடக்கம் வகுப்பறை. கல்லூரி மாடியில், கடைசி அறை. மின்விசிறியில் ஓர் இறக்கை மட்டும் லேசாக வளைந்து, சுற்றுக்கு ஒருமுறை ‘டக்’ என்று சத்தம் போடும். இருபத்தைந்து வயதில் முதல் வகுப்பு எடுக்கப் போனவர், அந்த ‘டக்’குக்கு இடையே வாக்கியங்களை அளந்து பேசக் கற்றுக்கொண்டார். பிற்பாடு ஒலிவாங்கி முன்னால் நின்றாலும், நீண்ட வாக்கியத்துக்கு நடுவில் ஒரு நொடி நிறுத்துவார். அதைக் கேட்டவர்கள் ஆழ்ந்த சிந்தனை என்று நினைத்தார்கள்.

மாணவர்கள் வைத்த பெயர் ‘கத்தரி’. கட்டுரைகளைத் திருத்தித் தரும்போது சிவப்பு மையால் ஓரத்தில் ஒரே சொல் எழுதுவார்: ‘வேண்டாம்’. ஒருவன் பக்கம் முழுக்க வேண்டாம் வாங்கிக்கொண்டு வந்து, "மேடம், என் பேரையாவது விட்டுவைங்க" என்றானாம். அவர் பெயரைப் பார்த்துவிட்டு, "முன்னெழுத்துக்கு அப்புறம் புள்ளி இல்ல" என்று சொல்லி அதையும் வட்டமிட்டாராம். இதைப் பழைய மாணவர்கள் இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறார்கள். திட்டு வாங்கியவன்தான் எல்லோரையும்விட அதிகமாகச் சிரிக்கிறான்.

ஆனால் கல்லூரிக்கு வெளியே அவரை யாரென்று தெரியவைத்தது ஒரே ஒரு கட்டுரை. அதன் தலைப்பு ‘மெழுகுவர்த்திப் பெண்கள்’. வார இதழ்த் தொடர்கதைகள் பெண்களை உருகி உருகி வெளிச்சம் கொடுப்பவர்களாக மட்டுமே காட்டுகின்றன, அந்த உருகலை அழகு என்று நம்பவைக்கின்றன என்பது அதன் வாதம். அந்தக் கட்டுரைக்குப் பிறகுதான் நாளிதழில் வாரப் பத்தி வந்தது. முப்பது வருடத்துக்கு மேல் நடந்தது. கருத்தரங்குகள், துறைத் தலைமை, ஜன்னல் பக்கத்து அறை எல்லாம் வந்தன.

கதை அங்கேதான் தொடங்க வேண்டும். கட்டுரை தட்டச்சான அன்று.

3

முப்பத்து நான்கு வருடத்துக்கு முன்பு, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்.

இரண்டே அறைகள் கொண்ட வீடு. முன்னறையில் அக்காவும் அவள் கணவரும். உள்ளறையில் பேராசிரியரும் அவருடைய புத்தகங்களும். ஜன்னலோரம் ஒரு தட்டச்சுப்பொறி. பேராசிரியரின் ஆய்வேட்டுக்காகப் பழையதாகப் பார்த்து வாங்கியது. அக்கா பகலில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் தட்டச்சு செய்வாள். வீட்டுக்கு வந்தால் தங்கைக்காகச் செய்வாள். அப்பா இறந்தபோது கல்லூரியைப் பாதியில் விட்டுவிட்டு அந்த வேலைக்குப் போனவள். தங்கை ஒருமுறை அதைப் பற்றிப் பேச்செடுத்தபோது, "எனக்குத் தட்டச்சு பிடிக்கும்டி. பத்து விரலுக்கும் வேலை இருக்கு" என்று சொல்லி முடித்துவிட்டாள்.

தாள்களுக்கு நடுவே வைக்கும் கார்பன் தாளின் வாசனையைப் பேராசிரியர் இப்போதும் சொல்வார். வரியின் முடிவில் அடிக்கும் சின்ன மணி. அக்கா உருளையைத் தள்ளும் சத்தம். அந்தச் சத்தம் கேட்கிறவரை தனக்கு எதுவும் கெடாது என்று நினைத்துக்கொள்வாராம்.

அன்றைக்கு அக்காவுக்கு எட்டு மாதம். வயிறு இடிக்காமல் இருக்க நாற்காலியைப் பின்னால் தள்ளி, கைகளை நீட்டி அடித்துக்கொண்டிருந்தாள். பேராசிரியர் பக்கத்தில் நின்று கையெழுத்துப் பிரதியை உரக்கப் படித்தார். [அந்த வயிற்றில் இருந்தது நான். சாட்சி சொல்லும் நிலையில் இல்லை.]

நான்காம் பக்கத்தில் ஒரு தொடர்கதையைப் பற்றி வந்தது. ஓர் ஆண் பெயரில் அந்த வருடம் வந்துகொண்டிருந்த தொடர். பின்னால் எல்லோரும் எடுத்துக்காட்டிய வாக்கியம் அதுதான்.

"பெண்ணின் மனதைப் பத்தடி தூரத்திலிருந்துகூடப் பார்த்திராத ஓர் ஆண் எழுதிய கதை இது."

தட்டச்சுச் சத்தம் நின்றது.

"என்னக்கா?"

"ஒண்ணுமில்ல. ‘கூட’வுக்கு அப்புறம் ப் வருமா?"

"வரும்."

அக்கா ப் போட்டாள். மீதிப் பக்கங்களையும் அடித்து முடித்தாள். ஒரு பிழைகூட இல்லை. முடித்ததும் தாள்களை மேசையில் தட்டிச் சீராக்கி, "நல்லா எழுதியிருக்க" என்றாள்.

அந்தத் தொடரை எழுதிய ஆண், அக்காதான்.

4

இந்த இடத்தில் மூன்று நாள் எழுதாமல் இருந்தேன். வாசகர் நம்புவாரா என்று சந்தேகம்.

அக்கா மறைத்ததை நம்பலாம். அலுவலகத்தில் சாப்பாட்டு நேரத்தில் எழுதினாள். பெண் பெயரில் வந்தால் கூட வேலை செய்பவர்கள் மோப்பம் பிடித்துவிடுவார்கள் என்று ஆண் பெயர் வைத்தாள். தபாலில் சேர்த்தது அவள் கணவர். அவர் வாய் திறக்கிற ஆள் இல்லை. போகும்போதும் சொல்லாமலே போய்விட்டார்.

நம்பக் கஷ்டமாக இருப்பது பேராசிரியரைத்தான். ஒரு புள்ளி விட்டுப்போனால் வட்டமிடுகிறவர். எழுத்தின் நடையை வைத்தே எந்த மாணவன் யாரைப் பார்த்து எழுதினான் என்று சொல்லிவிடுகிறவர். ஒரே வீட்டில் இருந்த அக்காவின் நடையை அவருக்கா தெரியவில்லை?

காரணம் அசிங்கமானது, எளிமையானது. அவர் அந்தத் தொடரைப் படிக்கவே இல்லை.

அந்த வருடம் அவருக்குக் கடைவாய்ப் பல்லில் தொல்லை. பல் மருத்துவர் அறைக்கு வெளியே, காத்திருப்பவர்களுக்காகப் பழைய வார இதழ்கள் கிடந்தன. மூன்று முறை போனார். மூன்று இதழ்கள் கையில் அகப்பட்டன: நான்காம் அத்தியாயம், ஒன்பதாம் அத்தியாயம், பதினைந்தாம் அத்தியாயம். மூன்றிலும் யாரோ அழுதார்கள். கன்னத்தைக் கையில் தாங்கிக்கொண்டு அவற்றைப் படித்தார். கட்டுரையின் அடிக்குறிப்பில் அந்த மூன்று எண்களும் இருந்தன. பார்த்தவர்கள், முழுவதையும் படித்துவிட்டு மூன்றைத் தேர்ந்தெடுத்திருக்கிறார் என்று எடுத்துக்கொண்டார்கள். அவரும் கொஞ்ச நாளில் அப்படியே எடுத்துக்கொண்டார்.

5

ஓய்வுக்கு நான்கு மாதம் இருந்தது. ஒரு பதிப்பாளர் அவருடைய எல்லாக் கட்டுரைகளையும் ஒரே தொகுதியாகக் கொண்டுவர விரும்பினார். மேற்கோள்களை மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கப் பேராசிரியர் நூலகத்துக்குப் போனார்.

பழைய இதழ்கள் இருக்கும் பகுதி கீழ்த்தளத்தில். நீள மேசை, பச்சை மூடி போட்ட விளக்குகள், ஈரம் புகுந்த காகிதத்தின் வாசனை. வருட வாரியாகத் தைத்துக் கட்டிய தொகுப்புகள். மூன்று அத்தியாயங்களைச் சரிபார்க்கப் பத்து நிமிடம் போதும். பத்து நிமிடத்தில் முடித்தும் விட்டார். எழுந்திருக்கும்போது பக்கம் புரண்டது. பதினாறாம் அத்தியாயம் கண்ணில் பட்டது. பல்வலி இல்லாமல் படித்தார்.

நாலு நாள் போனார். மதியச் சாப்பாட்டை மறந்து நாற்பத்தொரு அத்தியாயங்களையும் படித்தார்.

பத்தொன்பதாம் அத்தியாயத்தில், தட்டச்சு செய்யும் கதாநாயகியை ஒரு விழாவில் ‘தன்னையே உருக்கிக்கொள்ளும் மெழுகுவர்த்தி’ என்று ஒருவர் புகழ்கிறார். அவள் மேடையிலேயே சொல்கிறாள்: "நான் மெழுகுவர்த்தி இல்லீங்க. எனக்கு மாசச் சம்பளம் வருது. எனக்குப் பிடிச்சதத்தான் செய்யறேன்."

பேராசிரியர் பேனாவைக் கீழே வைத்தார். தன் வாழ்நாளின் வாதம் முழுவதும் இரண்டே வரியில், சிரிப்போடு, அங்கே கிடந்தது. எந்தக் கதையைக் குற்றவாளியாக நிறுத்தினாரோ அதே கதைக்குள்.

இருபத்துமூன்றாம் அத்தியாயத்தில் ஒரு பழைய நினைவு: கதாநாயகியின் தங்கைக்குக் காய்ச்சல். எட்டு வயது. கதைப்புத்தகம் வேண்டாம் என்கிறாள். "அகராதி படி" என்கிறாள். அக்கா ‘க’விலிருந்து படிக்கத் தொடங்குகிறாள். ‘கடல்’ வருவதற்குள் படித்தவள் தூங்கிவிடுகிறாள். காய்ச்சல்காரி எழுந்து வந்து அக்காவுக்குப் போர்த்திவிடுகிறாள்.

[இந்த இடத்தில் ‘பேராசிரியரின் கண்கள் குளமாயின’ என்று எழுதியிருந்தேன். வேண்டாம்.]

அந்த அகராதிச் சம்பவம் வெளியில் யாருக்கும் தெரியாது. அது நடந்த அறையில் இருந்தவர்கள் இரண்டு பேர்.

நூலகர் வந்து, "மேடம், மூடப் போறோம்" என்றார். பேராசிரியர், "இன்னும் பதினெட்டு அத்தியாயம் இருக்கு" என்றார்.

நாற்பத்தொன்றின் அடியில் ‘தொடரும்’ என்று இருந்தது. அடுத்த இதழில் தொடர் இல்லை. ஒரு சின்னப் பெட்டிச் செய்தி மட்டும்: ஆசிரியரின் உடல்நலக் குறைவால் தொடர் நிறுத்தப்படுகிறது. பேராசிரியரின் கட்டுரை அச்சாகி இரண்டு வாரம் ஆகியிருந்தது.

6

படித்து முடித்த மறுநாள் காலையில் பேராசிரியர் எங்கள் வீட்டுக்கு வந்தார். நான் அன்றைக்கு வேலைக்குப் போகவில்லை; ஆகவே இதை யாரையும் கேட்காமலே எழுதலாம்.

அக்காவுக்கு இப்போது பார்வையின் நடுப்பகுதி மங்கிவிட்டது. ஓரங்கள்தான் தெரியும். முகத்தைப் பார்க்க வேண்டுமென்றால் எதிரில் இருப்பவரின் காதைப் பார்ப்பாள். கட்டிலில் உட்கார்ந்து, துவைத்த துணிகளைக் கைத்தடவலிலேயே மடித்துக்கொண்டிருந்தாள்.

பேராசிரியர் செருப்பைக்கூடக் கழற்றாமல் வந்து நின்றார்.

"அக்கா, இருபத்துமூணாவது அத்தியாயம் படிச்சேன்."

அக்கா தலையணை உறையின் மூலைகளைச் சேர்த்துப் பிடித்தபடி, "எதுல?" என்றாள்.

"உன்னோடதுல."

உறை மடிந்தது. இன்னொரு மடிப்பு. அக்கா தங்கையின் காதைப் பார்த்தாள்.

"இப்பதானா?"

பேராசிரியர் குனிந்து செருப்பைக் கழற்றினார்.

"அப்போ அன்னைக்கு? அந்தக் கட்டுரை எழுதறப்போ?"

"மூணு அத்தியாயம்தான் படிச்சிருந்தேன். பல் டாக்டர் ரூம்ல."

அக்கா மடித்த உறையைத் துணிகளின் மேல் வைத்தாள். பிறகு ரொம்பச் சாதாரணமாக, யாரோ மூன்றாம் மனுஷியைப் பற்றிச் சொல்வது போலச் சொன்னாள்: "நான் என்ன நினைச்சேன் தெரியுமா? நீ எல்லாத்தையும் படிச்சிட்ட. அகராதியப் பார்த்த உடனே நான்தான்னு தெரிஞ்சிருக்கும். தெரிஞ்சும், அக்கான்னு பாக்காம, மனசுல பட்டத எழுதிட்டன்னு நினைச்சேன். கஷ்டமாத்தான் இருந்துச்சு. ஆனா பெருமையாவும் இருந்துச்சுடி. நம்ம வீட்டுல இப்படி ஒருத்தி நேர்மையா வந்திருக்காளேன்னு."

முப்பத்து நான்கு வருடம் அவள் பெருமைப்பட்டது இல்லாத ஒன்றைப் பற்றி.

பேராசிரியர் கட்டிலில், மடித்த துணிகளின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். "என்னாலதான நிறுத்துன?" என்று கேட்டார்.

"உன்னாலயா? அட போடி." அக்கா என் பக்கமாகக் கையை நீட்டினாள். "இவ பொறந்தா. கைக்குழந்தைய வெச்சிட்டு எவ எழுதுவா? எந்திரி, துணி கசங்குது."

7

தொகுதி அச்சுக்குப் போகும் நேரம். பேராசிரியர் அந்தக் கட்டுரையை எடுக்கவில்லை. ஒரு சொல்லையும் மாற்றவில்லை. கீழே ஓர் அடிக்குறிப்பு மட்டும் சேர்த்தார்:

* இந்தக் கட்டுரையை எழுதியபோது, இதில் நான் கண்டிக்கும் தொடரின் நாற்பத்தொரு அத்தியாயங்களில் மூன்றை மட்டுமே படித்திருந்தேன். இப்போது முழுவதும் படித்துவிட்டேன். என் தீர்ப்பு தவறு.

தொடர் எழுதியது யார் என்று அதில் சொல்லவில்லை. அக்கா வேண்டாம் என்றுவிட்டாள். இப்போது நான் சொல்லலாமா என்று கேட்டதற்கு, "பேரு போடாம எழுதிக்கோ" என்றாள்.

பதிப்பாளர் தயங்கினார். "இது தேவையா மேடம்? யாரு போய்ப் பாக்கப் போறாங்க?"

"அந்த நம்பிக்கையிலதான் அன்னைக்கும் எழுதினேன்."

பணி ஓய்வு விழாவும் தொகுதி வெளியீடும் ஒரே நாளில் நடந்தன. கல்லூரி அரங்கில் முப்பது வருடத்து மாணவர்கள். நரைத்தவர்கள், சொட்டை விழுந்தவர்கள், பிள்ளைகளோடு வந்தவர்கள். ஏற்புரையில் அவர் அந்த அடிக்குறிப்பைப் படித்தார். நீண்ட வாக்கியத்துக்கு நடுவில் வழக்கம்போல ஒரு நொடி நிறுத்தினார். பக்கத்தில் இருந்த மேற்கோள், எனக்குத் தெரிந்து முதல்முறையாக, யாரையும் எடுத்துச் சொல்லாமல் உட்கார்ந்திருந்தார்.

பின்வரிசையிலிருந்து ஓர் ஆய்வு மாணவி எழுந்தாள். "மேடம், என் ஆய்வேட்டோட ரெண்டாவது இயல் மொத்தமும் இந்தக் கட்டுரை மேலதான் நிக்குது. நான் என்ன பண்றது?"

"தொடரைப் படிச்சுட்டுத் திரும்ப எழுதுங்க. நான் எழுதின மத்ததையும் நம்பாதீங்க. சரிபாருங்க."

அடுத்த வாரம் ஒரு பத்திரிகை ‘கத்தரி தன் விரலையே நறுக்கிக்கொண்டது’ என்று எழுதியது. நாளிதழ், இடப் பற்றாக்குறை என்று சொல்லி அவருடைய பத்தியை நிறுத்தியது. அவரோடு முப்பது வருடம் பழகிய ஒருவர், ‘இத்தனை பேரையும் இதே மாதிரிதானா?’ என்று ஒற்றை வரிக் கடிதம் போட்டார். பேராசிரியர் அதைக் கிழிக்கவில்லை. தன் பழைய பத்திகளை எடுத்து வைத்துக்கொண்டு, எந்தெந்தப் புத்தகத்தை உண்மையாகவே கடைசிப் பக்கம்வரை படித்தோம் என்று ஒவ்வொன்றாகக் குறித்தார். பெரும்பாலும் படித்திருந்தார். படிக்காதவை ஏழு. அவற்றைத் தேடிப் படித்துக்கொண்டிருக்கிறார். இதை எழுதும்போது ஐந்தாவதில் இருக்கிறார். "நாலுல மூணு நான் சொன்னபடியே மோசம்தான்" என்றார் ஒருநாள், கொஞ்சம் நிம்மதியாக.

8

இப்போது முடிவு. மலர்க்குழுவுக்கு நான் கொடுத்த பிரதியில் மூன்று முடிவுகள் இருந்தன.

முதல் முடிவு: அக்கா சொல்லச் சொல்ல, பேராசிரியர் நாற்பத்திரண்டாம் அத்தியாயத்தைத் தட்டச்சு செய்கிறார். இப்படி ஒரு வாக்கியம் வந்தால் மெய்ப்பில் நானே ஓரத்தில் கேள்விக்குறி போடுவேன். அவ்வளவு அழகாக எதுவும் நடக்காது. நடக்கவும் இல்லை.

இரண்டாவது முடிவு: தொடரை நிறுத்தியது அந்தக் கட்டுரைதான்; தங்கையைக் காப்பாற்ற அக்கா என்னைச் சாக்காகச் சொன்னாள். மூன்றாவது: அக்கா சொன்னது நிஜம், நிறுத்தியது நான்தான். தேதிகளைப் பார்த்தேன். கட்டுரை, நாற்பத்தோராம் அத்தியாயம், என் பிறப்பு எல்லாம் ஒரே மாதத்தில் வருகின்றன. குற்றம் சாட்டப்பட்ட இருவரில் ஒருத்தி தீர்ப்பு எழுத முடியாது. அதனால்தான் கதை முடியாமல் நின்றது.

நடந்தது வேறு. வாரத்தில் மூன்று நாள், சாயங்காலம் நாலு மணிக்கு, பேராசிரியர் வந்து அந்தத் தொடரை அக்காவுக்குப் படித்துக் காட்டினார். நூலகத்தில் எடுத்த பிரதிகள். அக்கா நடுநடுவே, "அந்த வரி வேண்டாம்" என்பாள். "இல்லக்கா, இருக்கட்டும்" என்பார் கத்தரி. ஒரு வரிக்காக இரண்டு பேரும் அரைமணி நேரம் பேசாமல் இருந்ததும் உண்டு. போன வெள்ளிக்கிழமை நாற்பத்தொன்று முடிந்தது. பேராசிரியர் ‘தொடரும்’ என்பதையும் சேர்த்துப் படித்தார்.

அவர் போன பிறகு, அக்காவின் கண்ணில் சொட்டு மருந்து விட்டுக்கொண்டே கேட்டேன். "அம்மா, நிஜத்தைச் சொல்லு. நீ நிறுத்தினதுக்குக் காரணம் சித்தியா, நானா?"

அம்மா கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தாள். மருந்து ஓரத்தில் வழிந்தது. துடைத்துக்கொள்ளவில்லை.

"ரெண்டு பேருக்கும் நினைப்புதான்" என்றாள். "ஒருத்தி இலக்கியம் படிச்சவ. ஒருத்தி நாள் முழுக்க எழுத்தத்தான் பாக்கறா. அந்தக் கதை அங்கயே முடிஞ்சுபோச்சுன்னு ரெண்டு பேருக்குமே தோணலையா? ‘தொடரும்’னு நானா போட்டேன்? அது பத்திரிகைக்காரங்களா போட்டது. பழக்கதோஷம்."

இதையும் என்னைச் சமாதானப்படுத்தத்தான் சொன்னாளோ என்னவோ. எனக்குத் தெரியவில்லை. பேராசிரியரிடம் சொன்னேன், அவர் அந்தக் கடைசிப் பத்தியை இரண்டு முறை படித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "தெரியலடி. வேற யாரையாவது படிக்கச் சொல்லு" என்றார்.

ஆகவே உங்களிடம் தருகிறேன். நாற்பத்தோராம் அத்தியாயத்தின் கடைசிப் பத்தி இது. அடியில் இருந்த சொல்லை மட்டும் எடுத்துவிட்டேன். கதை முடிந்துவிட்டதா இல்லையா என்று நீங்கள் பார்த்துச் சொல்லுங்கள்.

மழை விட்டிருந்தது. அலுவலகப் படியிறங்கி அவள் தெருவுக்கு வந்தபோது எதிர்ப்பக்கத்தில் தங்கை நின்றுகொண்டிருந்தாள். கூட யாரோ இரண்டு பேர். அவர்களுக்கு எதையோ விளக்கிக்கொண்டிருந்தாள். அவர்கள் குடையை மடக்கக்கூட மறந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள். கூப்பிடலாம் என்று இவள் கை பாதி உயர்ந்தது. பிறகு, அவள் பேசி முடிக்கட்டும் என்று, ஒரு கடையின் தூணோரமாக ஒதுங்கி நின்றுகொண்டாள்.